போருக்குப் பின் லைபீரியா: உயர்கல்விக்கான முதல் பணம் எங்கே போக வேண்டும்?

2013 ஆகஸ்டில், மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகரில் உள்ள லைபீரியப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு முடிவு வெளியானது. எழுதியவர்கள் ஏறக்குறைய 25,000 பேர். தேறியவர் ஒருவரும் இல்லை. கணிதத்தில் 50 சதவீதமும் ஆங்கிலத்தில் 70 சதவீதமும் தேர்ச்சி வரம்பு. பிறகு வரம்பைத் தளர்த்தி ஒரு பகுதியினரைச் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், 2010 இல், அதே பல்கலைக்கழகத்தின் ஃபென்டால் வளாகத்தைச் சீன அரசு 2 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டி ஒப்படைத்திருந்தது.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் கேள்வி தானாகவே எழும். போரிலிருந்து மீளும் ஏழை நாட்டில் உயர்கல்விக்கென்று கொஞ்சம் பணம் கிடைத்தால் அதை முதலில் எதில் போடுவது? தலைநகரின் பழைய பல்கலைக்கழகத்திலா, உள்நாட்டில் இருக்கும் தேவாலயப் பல்கலைக்கழகத்திலா, மாவட்டந்தோறும் கல்லூரிகளிலா, வெளிநாட்டு உதவித்தொகையிலா, கட்டண விலக்கிலா? லைபீரியா இவை அனைத்தையும் முயன்று பார்த்த நாடு. அதனால் ஊகத்துக்கு அதிக வேலை இல்லை. நடந்ததை வைத்தே ஒப்பிடலாம்.

முதலில் பாதிப்பின் கணக்கு. 1989 டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லரின் படை ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி நிம்பா மாவட்டத்துக்குள் நுழைந்ததில் தொடங்கி, 2003 ஆகஸ்ட் 18 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை நாடு இரண்டு உள்நாட்டுப் போர்களைக் கண்டது. 2013 இல் இருபது வயதில் தேர்வெழுதிய ஒருவர் முதல் போரின் நடுவில் பிறந்து, இரண்டாவது போரின்போது தொடக்கப் பள்ளி வயதில் இருந்தவர். அவருக்கு எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய ஆசிரியர்களை உருவாக்கிய கக்காட்டா, சோர்சோர், வெப்போ ஊரக ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் மூன்றும் போரில் முடங்கிக் கிடந்தன. வீட்டிலும் தெருவிலும் அவர் பேசுவது பேல்லே, பாசா போன்ற தாய்மொழியையோ, கொலொக்வா எனப்படும் லைபீரிய ஆங்கிலத்தையோ. தேர்வுத்தாளில் இருப்பதோ புத்தக ஆங்கிலம். அந்த 70 சதவீத வரம்பில் அத்தனை பேரும் இடறியதில் வியப்பில்லை.

ஒப்பிடுவதற்கு நான்கு கேள்விகள் போதும். பணம் போட்டு எத்தனை ஆண்டுகளில் அதன் பலன் ஒரு மருத்துவமனையிலோ பள்ளியிலோ வயலிலோ தெரியும்? கொடையாளர் போன பிறகு, ஆறாவது ஆண்டில், நடப்புச் செலவை யார் ஏற்பார்? மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழையிலும் மின்வெட்டிலும் அது இயங்குமா? தனக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தை அது தூக்கிவிடுமா, அல்லது அங்கிருந்து நல்ல ஆசிரியரை உறிஞ்சிக்கொள்ளுமா? நான்காவது கேள்வியைப் பெரும்பாலான திட்ட அறிக்கைகள் கேட்பதே இல்லை. எங்கள் பார்வையில் அதுதான் முதலில் வர வேண்டியது.

தலைநகரின் பெரிய பல்கலைக்கழகம்

லைபீரியப் பல்கலைக்கழகத்தின் வேர் 1851 இல் சாசனம் பெற்ற லைபீரியக் கல்லூரி; 1951 இல் அது பல்கலைக்கழகமானது. தலைநகர் மன்ரோவியாவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நேர் எதிரே கேப்பிட்டல் ஹில் வளாகம். அறிவியல், பொறியியல், வேளாண்மை எல்லாம் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கக்காட்டா நெடுஞ்சாலையில் உள்ள ஃபென்டாலில். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த மக்கள் அடைக்கலம் புகுந்த இடம் அது. சட்டக் கல்லூரியும் டொக்லியோட்டி மருத்துவக் கல்லூரியும் இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான்.

இங்கே பணம் போடுவதற்கான வாதம் வலுவானது. மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் ஆகிய மூவரையும் உள்நாட்டிலேயே உருவாக்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சட்டம் இயற்றவோ நிலம் தேடவோ வேண்டாம். எபோலா 2014 இல் பரவியபோது நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்குச் சுமார் 50 மருத்துவர்களே இருந்தார்கள் என்பது உலகச் செய்தியானது. அந்த நோயில் 4,800 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் செவிலியர்களும் மருத்துவர்களும் உண்டு. டொக்லியோட்டியை அதன்பின் யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

சிக்கல் நடப்புச் செலவில் இருக்கிறது. ஃபென்டாலில் கட்டடம் எழும்பியதும் அடுத்த கேள்வி, மாணவர் அங்கே எப்படிப் போவது? மாணவர்களில் பெரும்பாலோர் மன்ரோவியாவிலும் பக்கத்து நகரான பேய்ன்ஸ்வில்லிலும் குடியிருப்பவர்கள். ரெட் லைட் சந்திப்பில் வண்டிகள் நகராமல் நிற்கும் காலை நேரத்தில் எட்டு மணி வகுப்புக்குப் போக ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். பல்கலைக்கழகப் பேருந்து ஓடாத நாளில் வகுப்பறை பாதி காலி. பேருந்துக்காகவே மாணவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஒரு வளாகத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும்போது, கட்டடச் செலவோடு விடுதி, பேருந்து, உதிரி பாகம், டீசல் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதாத திட்டம் முழுமையான திட்டம் ஆகாது.

மின்சாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முக்கால் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் டீசல் குடிக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 32,000 லிட்டரை நெருங்கும். லிட்டர் ஒரு டாலர் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 32,000 டாலர். எண்ணெய் மாற்றமும் வடிகட்டியும் தனி. இது ஒரே ஒரு ஜெனரேட்டர். 1990 இல் அழிந்த மவுன்ட் காஃபி நீர்மின் நிலையம் 2016 டிசம்பரில்தான் மறுபடி உற்பத்தி தொடங்கியது. அதுவும் ஆற்றின் ஓட்டத்தை நம்பியது என்பதால் கோடையில் உற்பத்தி இறங்கிவிடும். எனவே தலைநகரப் பகுதியில்கூட மாற்று மின்வழி இல்லாமல் ஆய்வகம் நடத்த முடியாது.

மின்சாரம் நின்றால் ஆய்வகத்தில் முதலில் கெடுவது நுண்ணோக்கி. மன்ரோவியாவில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிர்சாதனம் அணைந்த அறையில் லென்சின் உட்பக்கம் பூஞ்சை நூல் நூலாகப் படரும். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்துப் பயனில்லை. ஐந்நூறு டாலர் கருவியைக் காப்பாற்ற, நன்றாக மூடும் பெட்டியும், வாரம் ஒருமுறை சூடாக்கி ஈரம் போக்கிய சிலிக்கா ஜெல்லும், அதைச் செய்வதற்கென்று சம்பளம் வாங்கும் ஓர் ஆய்வக உதவியாளரும் போதும். கொடையாளர்கள் நுண்ணோக்கியை வாங்கித் தருகிறார்கள். உதவியாளரின் சம்பளம் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

ஆசிரியர்களின் நிலையும் இப்படித்தான். பெரும்பாலான விரிவுரையாளர்களின் தகுதி முதுகலை அளவில் நிற்கிறது. பலர் இளங்கலையோடு பாடம் நடத்துகிறார்கள். சம்பளம் பிந்தும், வேலைநிறுத்தம் வரும், செமஸ்டர் தள்ளிப்போகும். ஒரே ஆசிரியர் திங்களன்று அரசுப் பல்கலைக்கழகத்திலும் புதனன்று தேவாலயப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் பாடம் எடுப்பது மன்ரோவியாவில் சாதாரணம். அதனால் தலைநகரில் புதிதாக ஒரு கல்லூரி திறந்தால் நாட்டின் ஆசிரியர் தொகை கூடிவிடாது. இருப்பவர்களின் நேரம் இன்னும் துண்டாகும்.

எனவே மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்கலாம், ஆனால் குறுகலாகக் கொடுக்க வேண்டும். 2011 இல் அமெரிக்க நிதியில் தொடங்கிய திட்டம் ஒன்று அந்த வழியைப் பிடித்தது. லைபீரியப் பல்கலைக்கழகத்தில் பொறியியலை மட்டும், உள்நாட்டின் கட்டிங்டன் தேவாலயப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு பலப்படுத்துவது அதன் அடிப்படை. எல்லாத் துறைக்கும் பத்துக் கணினி என்று பங்கிட்டுக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சுவாகோகோ

கட்டிங்டன் பல்கலைக்கழகம் எபிஸ்கோபல் தேவாலயத்தினுடையது. 1889 இல் கடற்கரை நகரமான ஹார்பரில் தொடங்கி, 1929 இல் மூடப்பட்டு, 1940களின் இறுதியில் பாங் மாவட்டத்தின் சுவாகோகோவில் மறுபடி உயிர்பெற்றது. 1990 இல் போர் வந்ததும் மறுபடி மூடல். வளாகம் டெய்லர் படையின் பயிற்சித் தளமாயிற்று. 1998 இல் திரும்பத் திறந்தார்கள்.

இந்த ஊரின் பலம் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே பீபி மருத்துவமனையும் அதன் செவிலியர் பள்ளியும். சற்றுத் தள்ளி, நாட்டின் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். சுவாகோகோ மன்ரோவியாவிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர், நடுவே தார்ச்சாலை. செவிலியர் மாணவி நோயாளியைப் பார்க்கவும், வேளாண் மாணவர் நெல் வயலில் இறங்கவும் பேருந்து தேட வேண்டியதில்லை. விடுதியோடு கூடிய வளாகம் என்பதால் ஃபென்டாலின் போக்குவரத்துத் தலைவலியும் இல்லை. பணத்துக்கான பலன் மிக வேகமாகத் தெரியக்கூடிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நாங்கள் காட்டுவது இதைத்தான்.

குறை வெளிப்படையானது. தனியார் நிறுவனம், அரசு மானியம் கொஞ்சம் வந்தாலும் கட்டணம் உண்டு. லோஃபா மாவட்டத்து விவசாயியின் மகளால் அதைக் கட்ட முடியாது. இதற்கு வழி, நிறுவனத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுக்காமல், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று, வேளாண்மைக்கும் செவிலியர் படிப்புக்கும் மட்டும் இடங்களை அரசு விலைக்கு வாங்குவது. ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். பணம் செமஸ்டர் தொடக்கத்தில் பாதியும் தேர்வு முடிந்த பின் மீதியுமாகப் போக வேண்டும். மாணவர் பாதியில் நின்றால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் போக வேண்டும். குறைந்தது பாதி இடம் தலைநகர் மாவட்டமான மொன்செராடோவுக்கு வெளியே பள்ளி முடித்தவர்களுக்கு என்று எழுதப்பட வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் அத்தனை இடங்களையும் மன்ரோவியாவின் நல்ல பள்ளிகளே நிரப்பிவிடும்.

செவிலியர், மருத்துவச்சி படிப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கான்டாவில் வினிஃப்ரெட் ஹார்லி பள்ளி, சோர்சோரில் எஸ்தர் பேக்கன் பள்ளி, மன்ரோவியாவில் டப்மன் தேசிய மருத்துவக் கலை நிறுவனம் என்று இவை பெரும்பாலும் மருத்துவமனையை ஒட்டியே இருக்கின்றன. நெடுங்காலம் பட்டயப் பள்ளிகளாகவே பார்க்கப்பட்டதால் உயர்கல்வி விவாதத்தில் இவற்றின் பெயர் அடிபடுவதில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் வேலைக்கு வருபவர், அதுவும் கிராமத்து மருத்துவமனையில் கைபழகி வருபவர், இவர்தான். ஒரு மருத்துவர் உருவாகும் காலத்தில் இரண்டு அணி மருத்துவச்சிகள் பிரசவ அறையில் நிற்பார்கள்.

ஹார்பரும் மாவட்டக் கல்லூரிகளும்

தென்கிழக்கு மூலையில், மேரிலாண்ட் மாவட்டத்தின் ஹார்பரில் இருக்கும் டப்மன் பல்கலைக்கழகம் 1978 இல் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கியது. போரில் மூடப்பட்டு, 2009 இல் பல்கலைக்கழகமாகத் திறந்தது. மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துச் செம்மண் சாலையில் லாரிகள் அச்சுவரை புதைந்து நாள்கணக்கில் நிற்கும். சிமெண்டும் புத்தகமும் ஆய்வகப் பொருளும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஜூனில் நிதி விடுவித்தால் அந்த ஆண்டு வேலை நடக்காது. கொடையாளரின் நிதியாண்டும் லைபீரியாவின் மழையும் ஒத்துப்போவதில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமலே பல திட்டங்கள் தாமதமாகின. ஐவரி கோஸ்ட்டிலிருந்து எல்லை தாண்டி வரும் மின்கம்பி ஒரு வகையில் கைகொடுக்கிறது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஹார்பரைக் கைவிடக் கூடாது. தென்கிழக்கு மாவட்டங்களின் பிள்ளைகள் மன்ரோவியாவுக்குப் படிக்கப் போனால் திரும்புவதில்லை. அங்கே படித்தவர்தான் அங்கே ஆசிரியராக நிற்பார். ஆனால் பொறியியல், வணிகம், சுகாதாரம் என்று அத்தனையையும் அங்கே நடத்த ஆசைப்படாமல், ஆசிரியர் கல்வியையும் பொதுச் சுகாதாரத்தையும் உறுதியாகப் பிடிக்கலாம். பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர் குடியிருப்புக்குப் போக வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடு இல்லையென்றால் முனைவர் பட்டம் பெற்றவர் ஒரு மழைக்காலத்துக்குமேல் அங்கே தாங்கமாட்டார்.

பக்கத்து நாடான சியரா லியோனும் இதே பாடத்தைப் படித்தது. வேளாண்மைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பெயர்பெற்ற ஞாலா வளாகம் 1995 இல் கிளர்ச்சியாளர் தாக்குதலுக்கு உள்ளாகி ஃப்ரீடவுனுக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்து 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்து, பழைய இடத்துக்கே திரும்பியது. ஆய்வு வயல் இருக்கும் இடத்தில்தான் வேளாண் கல்லூரி இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

மாவட்டச் சமுதாயக் கல்லூரிகளின் கதை வேறு. போருக்குப் பிறகு போமி, கிராண்ட் பாசா, பாங், லோஃபா, நிம்பா என்று வரிசையாகத் தோன்றின. இரண்டாண்டுப் படிப்பு, ஊருக்குப் பக்கத்தில், குறைந்த செலவில் என்பது நல்ல எண்ணம். எங்கே தவறியது என்றால், கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் இருந்தால் நடத்திவிடக்கூடிய வணிகவியல், நிர்வாகவியல் படிப்புகளே பெருகின. பட்டறை தேவைப்படும் படிப்பு செலவு பிடிக்கும், ஆகவே ஒதுங்கியது. அடுத்து, ஒவ்வொரு மாவட்டத்து அரசியல்வாதியும் தன் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தக் கேட்டார். நிம்பாவும் கிராண்ட் பாசாவும் லோஃபாவும் அப்படி உயர்ந்துவிட்டன. பெயர்ப்பலகை மாறியதும் நான்காண்டுப் பட்டம், அதற்கு முதுகலை ஆசிரியர், அவருக்குச் சம்பளம் என்று செலவு ஏறியது. நாட்டுக்குத் தேவையான எலெக்ட்ரீஷியனும் மெக்கானிக்கும் பின்வரிசைக்குப் போனார்கள். எங்கள் அழுத்தமான கருத்து, இந்த உயர்த்தலுக்கு ஒரு டாலர்கூடத் தரக் கூடாது.

அதற்குப் பதில் இரண்டு கல்லூரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தொழிலோடு கட்ட வேண்டும். நிம்பாவில் இரும்புத்தாதுச் சுரங்கம் யெகெபாவில் இருக்கிறது. தாது ரயிலில் புக்கானன் துறைமுகத்துக்குப் போகிறது. சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் வெல்டர், மின்பணியாளர், கனரக வண்டி மெக்கானிக் எந்நாளும் தேவை. 1929 இல் தொடங்கிய கக்காட்டாவின் புக்கர் வாஷிங்டன் நிறுவனம் இத்தகைய தொழிற்பயிற்சிக்குப் பழைய முன்மாதிரி.

வெல்டிங் பட்டறை எதில் சறுக்கும் என்று பார்த்தால் திட்டமிடுவது எளிது. இருபது பேர் கொண்ட அணிக்குப் பத்துத் தடுப்பறை வேண்டும். ஒருவர் பற்றவைக்க, மற்றவர் தேய்த்துச் சுத்தம் செய்வார். நான்கு தடுப்பறையோடு இருபது பேரைச் சேர்த்தால் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கைபழக ஒவ்வொருவரும் கிலோ கணக்கில் எலெக்ட்ரோடு என்ற பற்றவைப்புக் குச்சி எரிக்க வேண்டும். அது ஆண்டுதோறும் வரும் செலவு, ஒருமுறை கொடையில் அடங்காது. 7018 வகை எலெக்ட்ரோடு ஈரத்தை உறிஞ்சினால் பற்றவைப்பில் துளைகள் விழும். லைபீரிய மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் அதை மறுபடி சூடாக்கிக் காயவைக்காமல் பயன்படுத்த முடியாது. சூடாக்கி வைக்கும் சிறு அடுப்பும் அதற்குத் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். இயந்திரப் பட்டியலில் இந்த அடுப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே திட்டம் போட்டவருக்குத் தொழில் தெரியுமா என்பது விளங்கிவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது

உள்நாட்டில் தரம் இல்லாதபோது வெளிநாட்டுக்கு அனுப்புவது உடனடித் தீர்வு மாதிரித் தெரியும். ஒருவருக்குக் கட்டணம், தங்குமிடம், விமானச்சீட்டு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10,000 டாலர் என்று வைத்தால் நான்காண்டு இளங்கலைக்கு 40,000. ஐம்பது பேருக்கு 20 லட்சம் டாலர். அதே தொகையில் உள்நாட்டில் எத்தனை ஆசிரியருக்கு எத்தனை ஆண்டு சம்பளம் கொடுக்கலாம் என்று பெருக்கிப் பார்த்தால் இளங்கலைக்கு அனுப்புவது நியாயமாகாது. நடைமுறையில் இன்னொரு கொடுமையும் உண்டு. அரசு உதவித்தொகையில் மொராக்கோவுக்கும் சீனாவுக்கும் போன லைபீரிய மாணவர்கள் மாதப்பணம் வராமல் வாடகை கட்ட வழியின்றித் தவித்ததும், தங்கள் தூதரகத்தின் முன் போய் நின்றதும் நடந்தவை. பத்தொன்பது வயதுப் பிள்ளையை அன்னிய ஊருக்கு அனுப்பிவிட்டு அரசு கைவிடுவது மன்னிக்கக்கூடியது அல்ல. நான்கு ஆண்டுப் பணமும் தனிக் கணக்கில் முன்கூட்டியே போடப்படாவிட்டால் ஒருவரையும் அனுப்பாதீர்கள்.

விரிவுரையாளர்களை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அனுப்புவது வேறு கணக்கு. இங்கேதான் வெளிநாட்டுப் பணம் பலமடங்காகத் திரும்பும். கானாவில் லெகோன், குமாசி பல்கலைக்கழகங்கள். சியரா லியோனில் ஞாலா. ஆங்கில வழி, அதே பள்ளி இறுதித் தேர்வு வாரியம், குறைந்த விமானச் செலவு. முறை இப்படி இருந்தால் நல்லது: பாடவேலை வெளியே ஓராண்டு, ஆய்வேடு லைபீரியாவின் மண்ணையும் பயிரையும் பள்ளியையும் பற்றி, உள்நாட்டிலேயே, இரண்டு பேர் வழிகாட்டி, ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே.

திரும்பி வருவார்களா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. திரும்பி வருவேன் என்று பத்திரம் எழுதி வாங்குவதால் பெரிய பயனில்லை. எல்லை தாண்டியவரிடம் அதைச் செயல்படுத்த முடியாது. திரும்பாமைக்குப் பொதுவான காரணம், திரும்பினால் சம்பளப் பட்டியலில் பெயர் ஏற ஓராண்டுக்கு மேல் இழுப்பது. எனவே போகுமுன்பே நியமன ஆணை, போயிருக்கும்போது பாதிச் சம்பளம் குடும்பத்துக்கு, வந்த மாதமே முழுச் சம்பளமும் சிறு ஆய்வு நிதியும். இவை மூன்றும் இருந்தால் பெரும்பாலோர் வருவார்கள்.

கட்டண விலக்கு

2018 அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் வியா, அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இளங்கலைக் கல்விக் கட்டணம் இனி இல்லை என்று அறிவித்தார். மாணவர் போராட்டத்தின் பின்னணியில் வந்த அறிவிப்பு அது. மக்களிடையே பெரும் வரவேற்பு; ஏழைப் பெற்றோருக்கு உண்மையான ஆறுதல். அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் இரண்டு விஷயம். ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடச் சுமையின் ஓர் அலகுக்கு, சில டாலர் என்ற அளவிலேயே கட்டணம் இருந்தது. செமஸ்டருக்கு 18 கிரெடிட் எடுத்து, கிரெடிட்டுக்கு 5 டாலர் என்றால் 90 டாலர். ஃபென்டாலுக்குப் போய்வரும் பயணச் செலவும் மதியச் சாப்பாடும் நகல் எடுக்கும் செலவும் நான்கு மாதத்தில் இதைத் தாண்டிவிடும். ஆகவே கட்டணம் போனாலும் படிப்பு இலவசமாகவில்லை. இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் கையில் நேரடியாக வந்துகொண்டிருந்த வருமானம் நின்று, கருவூலத்திலிருந்து எப்போது வரும் என்று தெரியாத தொகையாக மாறியது. அந்த ஈடு மாதந்தோறும் வரவில்லையென்றால் முதலில் நிற்பது டீசலும் ஆய்வகப் பொருளும்தான். விலக்கைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அதோடு பேருந்தையும் மதிய உணவையும் மாதந்தோறும் ஈடு தரும் சட்டப்பூர்வக் கணக்கையும் சேர்க்கச் சொல்கிறோம்.

முதலாண்டுக்கு முந்தைய ஆண்டு

இத்தனைக்கும் அடியில் கிடப்பது 2013 இன் அந்த முடிவு. ஐந்து வழிகளில் எதை எடுத்தாலும், உள்ளே வருபவருக்குப் பின்னமும் பத்தி எழுதுதலும் வராவிட்டால் மேலே போட்டதெல்லாம் கசிந்துவிடும். 2018 முதல் மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளி இறுதித் தேர்வு கட்டாயமானதால் குறைந்தபட்சம் அளவுகோல் பக்கத்து நாடுகளோடு ஒன்றாகிவிட்டது. அந்தத் தேர்வுக்குத் தயார்படுத்தும் ஆசிரியர்தான் போதவில்லை.

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில், ஆயிரம் மாணவருக்கு ஓர் இணைப்பு ஆண்டு நடத்தக் கணக்கு இது. வகுப்புக்கு 30 பேர் என்றால் 34 பிரிவுகள். வாரம் கணிதம் 5 மணி, ஆங்கிலம் 5 மணி. மொத்தம் 340 மணி. ஓர் ஆசிரியர் வாரம் 20 மணி எடுத்தால் 17 ஆசிரியர் போதும். முப்பது வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் 150 மணி கிடைக்கும். புதுக் கட்டடம் வேண்டாம். பிற்பகலில் காலியாக இருக்கும் பள்ளி வகுப்பறைகள் போதும். அந்த 17 பேரை முழுநேரமாக, இரட்டை வேலைக்கு அவசியமில்லாத சம்பளத்தில் வைக்க வேண்டும். கணிதத்தை எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இயற்கணிதத்தில் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் வாய்மூடி உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு தேர்வு, விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண். மதிப்பெண்ணுக்காக மாணவிகளை ஆசிரியர் வற்புறுத்தும் அவலம் லைபீரியக் கல்லூரிகளில் வெளிப்படையாகப் பேசப்படும் ஒன்று. எண் முறையும், வேறொருவர் திருத்துவதும் அதைத் தடுக்கச் செலவில்லாத முதல் படி.

இதனோடு கக்காட்டா, சோர்சோர், வெப்போ நிறுவனங்களில் பயிற்சிபெறும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும், ஹார்பரில் படிக்கும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் உதவித்தொகை கொடுத்தால் பத்து ஆண்டுகளில் இணைப்பு ஆண்டின் தேவையே குறையும்.

ஆக, கையில் ஐந்து ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் இருந்தால் எங்கள் பங்கீடு இப்படிப் போகும். 25 லட்சம் இணைப்பு ஆண்டுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும். இன்னொரு 25 லட்சம் விரிவுரையாளர்களின் மேற்படிப்புக்கும் திரும்பியபின் ஆய்வு நிதிக்கும். 20 லட்சம் சுவாகோகோவில் வேளாண்மை, செவிலியர் இடங்களுக்கு; மருத்துவமனைகளை ஒட்டிய மருத்துவச்சிப் பள்ளிகளுக்கும் இதிலிருந்தே. ஃபென்டாலுக்கு 15 லட்சம், ஒரு செங்கல்கூட வாங்காமல், ஆய்வகப் பராமரிப்புக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் பேருந்துக்கும். மீதி 15 லட்சம் ஹார்பரில் ஆசிரியர் குடியிருப்புக்கும் இரண்டு மாவட்டக் கல்லூரிகளின் பட்டறைக்கும். மாணவர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பங்கிட்டால் பெரும்பகுதி தலைநகருக்கே போயிருக்கும். அதைத் தெரிந்தே இப்படி எழுதுகிறோம்.

கடைசியாக ஆவணங்கள். போரில் பள்ளிகளின் பதிவேடுகள் எரிந்தும் தொலைந்தும் போயின. அந்தக் குழப்பத்தில் 2000களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலிருந்து இயங்கிய செயின்ட் ரெஜிஸ் என்ற போலிப் பல்கலைக்கழகம் லைபீரிய அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அங்கீகாரம் வாங்கி, பட்டங்களை விலைக்கு விற்றது. நடத்தியவர்கள் பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தப் பெயரால் லைபீரியாவில் நேர்மையாகப் படித்தவரின் சான்றிதழும் வெளிநாட்டில் சந்தேகத்துக்கு உள்ளானது. எனவே முதல் ஆண்டிலேயே, எந்தத் திட்டத்துக்கும் முன்பாக, தேசிய உயர்கல்வி ஆணையத்தில் மாணவர் பதிவேட்டை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்கும் வேலை தொடங்க வேண்டும். ஒரு நகல் மன்ரோவியாவில், ஒன்று நாட்டுக்கு வெளியே. மாணவர் எண், படித்த பாடம், மதிப்பெண், பட்டம் வழங்கிய நாள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்து முப்பது நாளுக்குள் பதிவேறாத கல்லூரிக்கு அடுத்த தவணையை நிறுத்திவைக்கலாம். எத்தனை மாணவர் உண்மையில் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.